தாளின் பின்பக்கம்

என்னுடைய கவிதைத் தொகுதியைத் தேடி ஊர் ஊராக அலைந்த வாசகர் ஒருவர் உண்டு. அவர் நான்தான். வேறு யாரும் இல்லை என்பதையும் அந்த அலைச்சலிலேயே உறுதிப்படுத்திக்கொண்டேன்.

உண்மையில் தொகுதிக்காக அலையவில்லை. அதன் ஒரு பிரதிக்குள் நான் ஒளித்துவைத்த ஒரு தாளுக்காக அலைந்தேன். அந்தத் தாள் மாங்கேணியில் கருவாடு போட்டு விற்கும் ஒரு அக்காவுடையது. அவர் எழுதிய ஒரே கதையின் ஒரு பக்கம் அதில் இருந்தது. அதை ஏன் ஒளித்தேன், எப்படித் தொலைத்தேன் என்று இங்கே எழுதப்போகிறேன். வாசித்து முடிக்கும்போது என்னைப்பற்றி நல்ல அபிப்பிராயம் வராது. ஏற்கெனவே இருந்தால் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சுனாமிக்கு முன்னர் நாங்கள் ஒரு சிற்றிதழ் நடத்தினோம். நாங்கள் என்றால் நானும், புளியந்தீவில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்த என் நண்பனும். இதழின் பெயரைச் சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் எல்லா இதழ்களுக்கும் வைத்த மாதிரி ஒற்றைச் சொல். அர்த்தம் கேட்டால் எனக்கே அகராதி பார்க்கவேண்டும். மூன்று இதழ் வந்தது. கலியாணக் கார்ட், சாமத்தியவீட்டுக் கார்ட், மரண அறிவித்தல் இவற்றுக்கு நடுவில் மிஷின் சும்மா நிற்கும் நேரத்தில் நண்பன் அதை அடித்துத் தருவான். அட்டைக்கு மட்டை போதாமல் போனதால் மூன்றாவது இதழ் கலியாணக் கார்ட்டில் மிஞ்சிய மட்டையில் வந்தது. ஆழ்ந்த விரக்தியைப் பேசும் நவீன இலக்கிய இதழ், நாலு பக்கமும் தங்கக் கரை.

பிறகு கடல் வந்தது. கலியாணங்கள் நின்றன. அடுத்த சில மாதங்கள் நண்பன் அச்சடித்ததெல்லாம் முகங்கள். காணவில்லை, காணவில்லை என்று தலைப்பு. கீழே ஒரு முகம். சனம் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவரும், கலியாண அல்பத்தில் இருந்து வெட்டிக்கொண்டுவரும். பக்கத்தில் நிற்கிற ஆளை வெட்டிவிட்டு இந்த ஆளை மட்டும் எடுக்கச் சொல்லும். இதழைப்பற்றிப் பேச எனக்கே வெட்கமாக இருந்தது. எனக்கு வெட்கம் வருவது அபூர்வம் என்பதால் அதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

அந்த வருடம் நான் ஒரு நிவாரண நிறுவனத்தில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். வேலை, தண்ணீர்த் தாங்கிகளை எண்ணுவது. போன மாதம் எண்ணியதை இந்த மாதமும் எண்ணவேண்டும். அந்த அலுவலகத்தில்தான் ஒருவர் எனக்கு புளொக் என்ற ஒன்று இருப்பதாகச் சொன்னார். தாள் வேண்டாம், மை வேண்டாம், மட்டை வேண்டாம், உலகம் முழுக்க வாசிக்கும். நான் அன்றே நண்பனிடம் போய், அச்சு செத்துவிட்டது என்று அறிவித்தேன். அவன் தலையைத் தூக்காமல், அப்படியென்றால் முப்பத்தோராம் நாள் காரியத்துக்குக் கார்ட் அடிக்கட்டுமா என்று கேட்டான்.

இதழை இன்ரநெற்றுக்குக் கொண்டுபோனோம். ஒரு சிக்கல்தான். ஊரில் எங்கள் வாசகர்கள் ஒருவரிடமும் இன்ரநெற் இல்லை. எனவே மாதம் ஒருமுறை புளொக்கில் வந்த எங்கள் ஆக்கங்களை நண்பனின் பிறின்டரில் ஒரேயொரு பிரதி எடுத்து, கடைசியில் சில வெற்றுத் தாள்களைச் சேர்த்துப் பின் அடிப்போம். வெற்றுத் தாளின் தலையில் ‘பின்னூட்டம்’ என்று போட்டிருக்கும். பிரதி முதலில் அச்சக மேசையில் ஒரு கிழமை கிடக்கும். பிறகு என்னோடு மோட்டார் சைக்கிளில் வடக்கே போகும், வாழைச்சேனை தாண்டி மாங்கேணி வரைக்கும். வாசித்தவர்கள் பேனையால் தங்கள் கருத்தை எழுதுவார்கள். நான் சனிக்கிழமை இன்ரநெற் கடையில் இருந்து அதையெல்லாம் தட்டி, அவரவர் எழுதியபடி புளொக்கில் ஏற்றுவேன். இன்ரநெற்றைக் கையால் நடத்திய ஊர் எங்களுடையது.

‘வாசகர் எழுதிய ஒரு வரியும் அழிக்கப்படமாட்டாது’ என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். கொள்கை என்றால் கொள்கை. கார்ட் எடுக்க வந்து காத்திருந்த ஒருவர் என் கவிதைக்குக் கீழே, ‘அழைப்பிதழ் இன்னும் கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அதையும் தட்டினேன். நோர்வேயில் இருந்து எங்களைத் தொடர்ந்து வாசித்த ஒரு விமர்சகர், கவிதையை விட இந்த ஒற்றை வரியில் இருப்பின் தத்தளிப்பு கூடுதலாகத் தெரிகிறது என்று பதில் எழுதினார். நான் நன்றி சொன்னேன்.

மாங்கேணி அக்கா அங்கே பெண்கள் சங்கத்தின் செயலாளர். தாங்கி எண்ணப்போனால் அவரிடம்தான் கையெழுத்து வாங்கவேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் நான் நீட்டிய படிவத்தை மேலிருந்து கீழ் வரை வாசித்து முடித்துவிட்டு, போம் தவிர வேறு என்னவும் வாசிக்கத் தருவீர்களா என்று கேட்டார். பையில் இருந்த பிரதியைக் கொடுத்தேன்.

அவருடைய கணவர் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை விடியக் கடலுக்குப் போனவர். வரவில்லை. அவருடைய போட்டும் வரவில்லை. ஆனால் அக்காவின் வளவுக்குள், முருங்கை மரத்தடியில், வேறு ஒரு நீல நிற போட் நிமிர்ந்து நின்றது. கடல் கொண்டுவந்து வைத்தது.

“ஆர்ர போட் அக்கா?”

“ஆருக்குத் தெரியும். தானா வந்திச்சு. தானா நிக்குது.”

அடுத்த மாதம் பிரதி திரும்பி வந்தபோது பின்னூட்டத் தாள்களில் ஒன்றரைப் பக்கம் அந்தப் போட்டைப்பற்றி எழுதியிருந்தார். ஒன்றரை என்றால், ஒரு தாள் முழுக்க, அடுத்த தாளில் பாதி. ஒரு தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். அவரும் அப்படியே எழுதினார். இது முக்கியம், பிறகு வரும்.

அவருடைய கதை இதுதான். போட் தன்னுடையது என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வருகிற எல்லோரிடமும் அவர் ஒரே கேள்வி கேட்டார்: குந்தியிருக்கிற பலகைக்குக் கீழே என்ன கீறியிருக்கு? முதலாவது ஆள் வேல் என்றான். இல்லை என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது ஆள் மகளின் பெயர் என்றான். அதுவும் இல்லை. மூன்றாவது ஆள் கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வந்தான். கடிதம் நல்ல கடிதம்தான், ஆனால் அதில் போட் தொலைந்தது என்றுதான் இருக்கிறது, இந்தப் போட்தான் தொலைந்தது என்று இல்லையே என்று அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார். நடுவில் ஓரிடத்தில் எழுதியிருந்தார்: ‘எங்கட போட்டும் எங்கயோ ஒரு வளவுக்க நிக்கும். நான் இதைப் பிழையான ஆளிட்டக் குடுத்தா, அங்க உள்ளவளும் அதைப் பிழையான ஆளிட்டக் குடுத்துருவாள்.’

மாதாமாதம் ஒரு துண்டாக இது வந்தது. நான் என் கவிதைகளுக்குக் கீழே பின்னூட்டமாக ஏற்றினேன். வெளிநாட்டில் இருந்து கடிதங்கள் குவிந்தன. எல்லோரும் போட் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஒருவர் மட்டும், மேலே ஏதோ தடையாக இருக்கிறது, நேரே பின்னூட்டத்துக்குப் போக வழி உண்டா என்று கேட்டிருந்தார். மேலே இருந்தது என் கவிதை.

பிரதிகள் திரும்பி வரும்போது அக்கா அதே பையில் தாளில் சுற்றிய கருவாட்டுச் சரை ஒன்றும் வைத்துவிடுவார். வரும் வழியில் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து மணந்து பார்த்தவர்கள் மேற்கொண்டு தோண்டாமல் விட்டார்கள். அச்சக மேசையில் பிரதியைப் போட்டால் நண்பன் மின்விசிறியை என் பக்கம் திருப்புவான்.

“மச்சான், உன்ர இலக்கியம் நாறத் தொடங்கிட்டுது.”

அந்த வருடம் மட்டக்களப்பில் கடலுக்குக் கவிதை எழுதாதவர்கள் கடலில் தொழில் செய்கிறவர்கள் மட்டும்தான். நானும் எழுதினேன். சும்மா எழுதவில்லை. நாலு பக்கம். கடலை நிற்கவைத்து இருபத்தேழு கேள்வி கேட்டிருந்தேன். ஒன்பதாவது கேள்வி, அலைகளே உங்களுக்குக் கண்ணில்லையா என்பது. அதை எழுதி முடித்த அன்று எனக்கே கண் கலங்கியது. கவிதை நாலு பக்கம் பிடித்ததில் தாள் முடிந்துவிட்டது. அந்த மாதம் பின்னூட்டத்துக்கு ஒரே ஒரு வெற்றுத் தாள்தான் மிஞ்சியது.

மாங்கேணியில் இருந்து அந்தத் தாள் திரும்பி வந்தது. அக்காவின் உருண்டை எழுத்து. இப்படித் தொடங்கியது:

‘தம்பி, கடலிட்ட இருபத்தேழு கேள்வி கேட்டிருக்கிறீங்க. எண்ணிப் பாத்தன். நீங்க இடுப்பளவுக்கு மேல கடல்ல இறங்கினதில்லயெண்டு தாங்கி எண்ண வந்த அண்டைக்கு நீங்களே சொன்னீங்க. கடலுக்கு உங்களை ஆரெண்டே தெரியா. தெரியாத ஆக்கள் இவ்வளவு கேள்வி கேட்டா நாங்களே பதில் சொல்ல மாட்டம். ஒன்பதாவதுக்கு மட்டும் நான் சொல்றன். அலைக்குக் கண் இல்ல. அது எல்லாருக்கும் தெரியும்.’

அப்படியே பக்கம் முடியும் வரைக்கும் போனது. நான் அடிவரை வாசித்தேன். காது சூடானது. மனிதன் இரண்டு வகையான தாளைத்தான் திருப்பிப் பார்க்கமாட்டான்: ஒன்று வெற்றுத்தாள், மற்றது தன்னை ஏசிய தாள். நான் திருப்பிப் பார்க்கவில்லை.

கிழித்துப்போடலாம். ஆனால் கொள்கை இருக்கிறது, ஒரு வரியும் அழிக்கப்படமாட்டாது. எனவே அழிக்கவில்லை, ஒளித்தேன். எங்கே ஒளித்தால் ஒருவர் கண்ணிலும் படாது என்று யோசித்தபோது விடை பக்கத்திலேயே இருந்தது. சுனாமிக்கு முந்தின வருடம் வெளிவந்த என் முதல் கவிதைத் தொகுதி அச்சக மூலையில் பண்டல் பண்டலாகக் கிடந்தது. அதன்மேல் நண்பன் யூ.பி.எஸ்ஸை வைத்திருந்தான். ஒரு பண்டலைத் தளர்த்தி, ஒரு பிரதியைத் திறந்து, தாளை நாலாக மடித்து உள்ளே வைத்துக் கட்டினேன். வங்கிப் பெட்டகம்கூட அவ்வளவு பாதுகாப்பில்லை.

அடுத்த மாதம் அக்கா இரண்டே வரி எழுதியிருந்தார்: ‘போட் போயிட்டு. முருங்கைக்குக் கீழ இப்ப வெளியாக் கிடக்கு.’ அதை ஏற்றினேன். அத்தோடு கதை முடிந்தது. யார் கொண்டுபோனது, எப்படிக் கொடுத்தார் என்று இல்லை. நோர்வே விமர்சகர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கொடுத்த தருணத்தைச் சொல்லாமல் விட்ட அந்த இடைவெளிதான் இந்தக் கதையின் உச்சம் என்றார். சமகாலக் கலையின் மௌனம் என்றார். தொகுத்தளித்த ஆசிரியரின் கைவண்ணத்தையும் ஒரு வரியில் பாராட்டியிருந்தார். அந்த வரியை மட்டும் நான் நண்பனுக்கு வாசித்துக் காட்டினேன். அக்கா இந்த இடைவெளியை அறியமாட்டார். தாளை மிச்சம் பிடிக்க எங்கள் ஆக்கங்களை மட்டும்தான் நாங்கள் பிரதி எடுப்போம், பின்னூட்டங்கள் வெளிநாட்டுக்கு.

அதற்குப் பிறகு சண்டை அந்தப் பக்கம் இறங்கியது. பாதை மூடினார்கள். மாங்கேணிச் சனம் மூட்டை முடிச்சோடு தெற்கே வந்து முகாம்களில் தங்கியது. சில மாதத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்தும் வந்தார்கள். தாங்கிகள் இப்போது முகாம்களுக்கு வந்தன, நானும் கூடவே வந்து எண்ணினேன். முகாம் ஆட்களுக்கு வாசிக்க ஏதும் சேர்த்துத் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டபோது, நான் பெருந்தன்மையோடு என் தொகுதியின் பண்டல்கள் எல்லாவற்றையும் கொடுத்தேன். நண்பன் தானே தூக்கி ஏற்றினான். அப்படி ஒரு உற்சாகத்தை நான் அவனிடம் பார்த்ததில்லை. அந்தத் தாளை நான் மறந்துபோனேன் என்று சொல்லத்தான் விருப்பம். மறக்கவில்லை. போனால் போகட்டும் என்று விட்டேன்.

பிறகு சனம் திரும்பிப் போனது. அக்காவும் மாங்கேணிக்குப் போய்ப் பழையபடி பந்தல் போட்டுக் கருவாடு காயவைத்தார். நண்பன் இதற்குள் புது மிஷின் ஒன்று எடுத்திருந்தான். முன்பென்றால் ஆயிரம் அடித்தால்தான் கட்டுபடியாகும். இப்போது நூறு வேண்டுமென்றால் நூறே அடிக்கலாம். நாங்கள் ஒரு பதிப்பகம் தொடங்குவதென்று முடிவு செய்தோம். முதல் நூல் யாருடையது என்ற கேள்வி வந்தபோது நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். மாங்கேணி அக்காவுடையது என்றான் நண்பன்.

புளொக்கில் இருந்ததை எடுத்து அவன் பக்கம் கட்டி, ஒப்புநோக்க அக்காவுக்கு அனுப்பினான். இரண்டு கிழமையில் அவரே பஸ் ஏறி அச்சகத்துக்கு வந்துவிட்டார். கதிரையில் அமர்ந்து தாள்களை மடியில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, இதில ஒரு பக்கம் இல்ல.”

நான் அது இடைவெளி என்றேன். சமகால உத்தி என்றேன். நோர்வேக் கட்டுரையைச் சொன்னேன், மௌனத்தைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

“அப்ப, அவர் மெச்சினது நான் எழுதாததையா?”

நண்பன் இருமினான். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொடுத்த அன்று நடந்ததை எழுதி அனுப்பினேனே, உங்கள் நாலு பக்கக் கவிதை வந்த மாதம் என்றார் அக்கா. அந்தத் தாளில் என் கவிதையைப்பற்றி மட்டும்தான் இருந்தது என்றேன் நான்.

“அது முன்பக்கம். ஒரு தாள்தானே வச்சிருந்தீங்க. மறுகா மிச்சத்தப் பின்பக்கம் எழுதினன். திருப்பிப் பாக்கல்லயா?”

நண்பன் மிஷினை நிறுத்தினான். கலியாண வீட்டுக்காரர் வாசலில் நிற்கும்போதுகூட நிறுத்தாதவன். அந்த அமைதியில் நான், இன்னொருமுறை எழுதித் தரலாமே அக்கா என்றேன். அவர் கோபப்படவில்லை. எழுதலாம்தான் என்றார். ஆனால் அந்த மனிதன் போன கையோடு, போட் இழுத்த தடம் மண்ணில் கிடக்க இருந்து எழுதியது அது.

“இப்ப இருந்து எழுதினா உங்கட கவிதை மாதிரி வந்துரும்.”

அது இல்லாமல் விட்டால் என்ன என்று நண்பன் மெதுவாகக் கேட்டான். அக்கா தாள்களை அடுக்கி மேசையில் வைத்தார். அது இல்லாவிட்டால் கதையில் தான் ஒரு பெரிய நீதவான் மாதிரி நிற்கிறேன் என்றார். அது பொய். தன் பெயர் போட்டு அந்தப் பொய் வெளியே போகவேண்டாம். பக்கம் கிடைத்தால் புத்தகம், கிடைக்காவிட்டால் இல்லை. இதைச் சொல்லிவிட்டு, கொண்டுவந்த கருவாட்டுச் சரையை எனக்குத் தந்தார். அன்று அதை வாங்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாங்கினேன்.

என் அலைச்சல் இப்படித் தொடங்கியது. முகாம்கள் மூடியபோது புத்தகப் பெட்டிகள் சனத்தோடு சனமாக எங்கெங்கோ போயிருந்தன. நான் பட்டியல் போட்டுக்கொண்டு வீடு வீடாக, வாசிகசாலை வாசிகசாலையாக ஏறி இறங்கினேன். என் தொகுதி உங்களிடம் இருக்கிறதா, ஒருமுறை திறந்து பார்க்கலாமா என்று கேட்பேன். ஒரு வீட்டில் அது காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு இரண்டாம் பரிசாகக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். முதற்பரிசு சாப்பாட்டுப் பெட்டி. இரண்டாம் பரிசு பெற்ற பிள்ளையின் வீட்டுக்கும் போனேன். பிள்ளை சுற்றிய தாளைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்த்தேன், என் கவிதைகள்தான் இருந்தன. முதல்முறையாக அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

பட்டிருப்புப் பாலத்துச் சாவடியில் ஒரு சிப்பாய் அரைகுறைத் தமிழில் எங்கே போகிறாய் என்று கேட்டார். புத்தகம் தேடி என்றேன். என்ன புத்தகம்? நான் எழுதியது.

“எழுதின ஆளுக்கு ஏன் புத்தகம் இல்ல?”

இலக்கியத்தைப்பற்றி என்னிடம் கேட்கப்பட்ட மிக நேரான கேள்வி அதுதான். நான் அடையாள அட்டையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

வெல்லாவெளிக்குப் போன அந்தக் கிழமைதான் வடக்கில் சண்டை முடிந்ததென்று வானொலி சொன்னது. டவுனில் வெடி கொளுத்தினார்கள். வெல்லாவெளியில் வயல் வட்டைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒருவரிடமும் அதைப்பற்றிக் கேட்கவில்லை. அங்கே ஒரு சின்ன வாசிகசாலை. மேசையில் இருந்த பெண்ணிடம் என் தொகுதியின் பெயரைச் சொன்னேன். பதிவேட்டைப் புரட்டினார். மூன்று பிரதி வந்தது, இரண்டு றாக்கையில் இருக்கு என்றார்.

“மற்றது நாறுது. அதான் யன்னல்ல வச்சிருக்கம்.”

பலர் என் கவிதையைப்பற்றி அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு நான் ஓடியது அன்று மட்டும்தான். யன்னல் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் அது கிடந்தது. திறந்தேன். மடித்த தாளின் மீன் நெய் இரண்டு பக்கமும் ஊறி, என் கவிதைகள் இரண்டை வாசிக்க முடியாமல் செய்திருந்தது. மூன்று வருடம், வெயிலும் மழையும், இரண்டு இடம்பெயர்வு. ஒருவரும் திறக்காததால் தாள் அப்படியே இருந்தது. என் கவிதை உலகத்துக்குச் செய்த சேவை அது.

வாசிகசாலைப் படியில் அமர்ந்து பின்பக்கத்தை வாசித்தேன்.

‘மறுகா இண்டைக்கு ஒராள் வந்தான். போட் தன்ரயெண்டு சொல்லல்ல. பாத்துட்டு மண்ணில குந்திட்டான். தம்பிர போட் மாதிரிக் கிடக்கு, தம்பி இல்ல எண்டான். பலகைக்குக் கீழ என்ன கீறியிருக்கெண்டு கேட்டன். எனக்குத் தெரியா, நான் கடலுக்குப் போறல்ல, தம்பி ஒருநாளும் சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல எண்டான். கொண்டு போ எண்டு சொன்னன். இதை எழுதவேணும். நானும் அந்தப் பலகைக்குக் கீழ பாத்ததில்ல. ஒண்டும் கீறியிருக்கோ இல்லயோ எனக்குத் தெரியா. வந்தவங்கட வாயைப் பாத்துத்தான் இல்ல இல்ல எண்டு அனுப்பினன். எங்கட போட்டில பலகைக்குக் கீழ என்ன இருந்ததெண்டு ஆரும் என்னட்டக் கேட்டா, பதினாறு வருசம் அந்தாளோட இருந்த எனக்கும் தெரியா. அதான் குடுத்தன்.’

இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் முறை முன்பக்கத்தையும் சேர்த்து. வாசிகசாலைப் பெண் வந்து, புத்தகத்தைக் கொண்டு போகிறதென்றால் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். அட்டைக்குள் ஒட்டியிருந்த துண்டில் திகதி எதுவும் இல்லை. முதல் திகதியை எனக்காகப் போட்டார். அந்தப் புத்தகத்தை இன்னும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த நாளே மாங்கேணிக்குப் போய்த் தாளைக் கொடுத்தேன். அக்கா கையைத் துடைத்துவிட்டு வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார். இரண்டு பக்கமும் போடவேண்டும் என்றார். முன்பக்கம் கதைக்குத் தேவையில்லையே அக்கா என்றேன். ஒரு தாளில் பாதியை எடுத்ததால்தானே இவ்வளவு அலைச்சல் என்றார். அது சரி. நண்பன் அதோடு விடவில்லை. கவிதை என்னவென்று தெரியாமல் வாசகருக்கு அந்த முன்பக்கம் எப்படி விளங்கும், எனவே இருபத்தேழு கேள்வியையும் முழுசாகப் போடுவோம் என்றான். எட்டுப் பொயின்ர் எழுத்தில் போதும் என்றும் சொன்னான். என் கவிதையை நானே தட்டி, அதைப் பழித்ததையும் நானே தட்டி, இரண்டிலும் பிழை திருத்தினேன்.

பக்கத்தைப் புளொக்கிலும் ஏற்றினேன். நோர்வே விமர்சகர் மறுநாளே எழுதினார்: இடைவெளி இருந்தபோது நன்றாக இருந்தது.

வெளியீடு மாங்கேணியில், அக்காவின் வளவில், முருங்கைக்குக் கீழே. மேடை இல்லை, பொன்னாடை இல்லை. பாய் விரித்துச் சனம் இருந்தது, பின்னால் தொழிலுக்குப் போகிறவர்கள் நின்றார்கள். சங்கத்துப் பெண் ஒருவர் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து சத்தமாக வாசித்தார். தாள் வந்த இடத்தில், நண்பன் அடித்த ஒழுங்குப்படி, முதலில் என் கவிதை. வாசித்தவர் நல்ல பிள்ளை. ஒரு கேள்வியும் விடாமல் வாசித்தார். ஐந்தாவதில் முணுமுணுப்பு. ஒன்பதாவதில், அலைகளே உங்களுக்குக் கண்ணில்லையா என்றதும் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பில்லை, வயிற்றில் இருந்து வந்த சிரிப்பு. என் கவிதையை ஒரு கூட்டம் முழுக்கக் கேட்டு முடித்தது அதுதான் முதல்முறை.

பிறகு அக்காவின் முன்பக்கம், பிறகும் சிரிப்பு. பிறகு பின்பக்கம். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. வாசித்தவர் ‘அதான் குடுத்தன்’ என்று முடித்துப் புத்தகத்தை மடியில் வைத்தார். தங்கள் ஆட்களின் போட்டில் பலகைக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரியாதவர்கள் அந்தப் பாய்களில் நிறையப் பேர் இருந்தார்கள்.

தேத்தண்ணீர் வந்தபோது என் பக்கத்தில் நின்ற வயதாளி ஒருவர் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை விரலால் தட்டி, மெல்லக் கேட்டார்.

“தம்பி, இந்தக் கடலிட்டக் கேள்வி கேட்ட பாட்டு எழுதினது ஆரு?”

சுற்றிலும் பார்த்தேன்.

“எனக்குத் தெரியா.”

தட்டோடு எங்களைத் தாண்டிப்போன அக்கா அதைக் கேட்டு நின்றார். எனக்கு ஒரு கோப்பையை எடுத்துத் தந்துவிட்டு, வயதாளியிடம் சொன்னார்:

“இவருக்கும் ஒரு போட் குடுக்கலாம்.”